பேர் ஓடி முடியும் வரை

படம் முடிந்த உடனே எழுந்து போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசி அடி விழுந்து, உலகம் தப்பித்து, ஆறு வீரர்களும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பார்கள். திரை கறுக்கும். பெயர்கள் ஓட ஆரம்பிக்கும். உடனே இவர்கள் செருப்பைத் தேடுவார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவர்கள் மாதிரி வாசலுக்கு ஒரு ஓட்டம். இந்த மாதிரிப் படங்களில் பெயரெல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு சின்னத் துண்டுக் காட்சி வரும். செத்துப்போனான் என்று நினைத்தவன் கண் திறப்பான். இல்லாவிட்டால் புது எதிரி ஒருவன் இருட்டிலிருந்து எட்டிப் பார்ப்பான். அதைப் பார்க்காமல் போனவன் படத்தையே பார்க்கவில்லை என்பது என் கட்சி.

எங்கள் செட்டுக்கு அதுதான் சட்டம். பேர் ஓடி முடிந்து, துண்டும் வந்து போன பிறகுதான் நான்கு பேரும் ஒன்றாக எழுந்திருக்க வேண்டும். கேட்டால் விளையாட்டாகத்தான் இருக்கும். ஆனால் இந்தச் சட்டம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குள்ளம்மாள் அக்காவின் உயிர்வரைக்கும் வந்து நின்றது.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் கலைமதி. மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர். சென்றாயன் அண்ணன் தக்காளி ஏற்றுகிற மினி வேன் ஓட்டுகிறவர். மேரி அக்கா, முழுப்பெயர் சகாயமேரி, ஹாஸ்டல் ஒன்றில் சமையல் செய்கிறாள். அவள் மகன் குவைத்தில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனில் முகம் காட்டுவான். நான்காவது ஆள் குள்ளம்மாள் அக்கா. காட்டை ஒட்டி ஒரு ஏக்கர் தக்காளி, ஒரு எருமை. புருஷன் போய்விட்டார், பிள்ளை இல்லை. பெயர்தான் குள்ளம்மாள், எங்கள் நான்கு பேரில் அவள்தான் நெட்டை.

கொரோனாவுக்குப் பிறகு தியேட்டர்கள் திறந்த புதிதில் நாங்கள் சேர்ந்தோம். தருமபுரியில் ஒரு மதிய ஆட்டம். நான் கோர்ட்டில் விவாகரத்து வாய்தா முடிந்து, வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் வந்திருந்தேன். சென்றாயன் அண்ணன் லோடு இறக்கிவிட்டு ஏசியில் தூங்க வந்தவர். மேரி அக்கா மகனை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு வந்தவள்; அழுவதற்கு இருட்டாக ஓர் இடம் வேண்டியிருந்ததாம். குள்ளம்மாள் அக்கா கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டுக் கால் வலி தாங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தவள். என்ன படம் என்றே அவளுக்குத் தெரியாது. ஒருவரை ஒருவர் யாருக்கும் தெரியாது.

"நாலு பேருக்கெல்லாம் படம் ஓட்ட முடியாதுங்க, கெளம்புங்க" என்று டார்ச் லைட்டோடு ஒருவன் வந்து நின்றான்.

"ஏன், நாலு பேருன்னா மனுசங்க இல்லியா?" என்று நான் எழுந்தேன். சென்றாயன் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். மேரி அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். குள்ளம்மாள் அக்கா மட்டும் எழுந்திருக்கவே இல்லை. "என்னால ஆவாதுப்பா, காலு வலிக்குது. நீ படத்தப் போடு" என்றாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு போய்ப் படத்தைப் போட்டான்.

அன்றைக்குத் திரையில் ஆறு பேர். ஒருவன் நெருப்பு, ஒருத்தி காற்று, இப்படி ஆளுக்கொரு சக்தி. யாருக்கும் யாரும் உறவில்லை. பாதிப் படம் சண்டை போட்டுக்கொண்டார்கள். மீதிப் படம் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்க நின்றார்கள். குள்ளம்மாள் அக்கா என் கையைச் சுரண்டினாள். "ஏம்மா, இவங்க யாரும் சொந்தக்காரங்க இல்லதானே? பின்ன எதுக்கு உசுர விடறாங்க?"

"தெரியலியேக்கா" என்றேன். என் சொந்தக்காரர்கள் எல்லோரும் அன்று காலை கோர்ட்டில் எதிர்ப் பக்கம் நின்றிருந்தார்கள்.

இடைவேளையில் மேரி அக்கா பையிலிருந்து முறுக்கு எடுத்தாள். மகனுக்காகச் சுட்டது, பெட்டி எடை கூடிவிட்டது என்று அவன் வைத்துவிட்டுப் போனது. நான்கு பேரும் தின்றோம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த மாதிரிப் படம் தமிழில் பேசி வருகிற ஒவ்வொரு முறையும் நாங்கள் நான்கு பேரும் போவோம். போகும்போது ஒரே துணியில் சட்டையும் ரவிக்கையும் தைத்துக் கொடுப்பது என் வேலை. எனக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தபோது வெளியே இருந்தது இந்த மூன்று பேர்தான். சந்தோஷம் என்றால் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் ஒரு வரிசையில் நான்கு சீட்டு என்று சொல்வேன்.

குள்ளம்மாள் அக்காவிடம் ஒரே ஒரு குறை. பேர் ஓட ஆரம்பித்ததும் எழுந்துவிடுவாள். "எருமை கத்தும்டி" என்பாள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து, "உக்காருக்கா, பேரு ஓடுது!" என்று கத்தி முந்தானையைப் பிடித்து இழுப்போம். ஒரு முறை எங்களை ஏமாற்றிவிட்டு நழுவினாள். அன்றைக்குப் பார்த்து, செத்த வீரன் பிழைத்து வந்தான். அதைப் பார்க்காமல் விட்டதற்கு ஒரு மாதம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதிலிருந்து உட்கார ஆரம்பித்தாள். ஆனாலும் உடம்பு பழக்கம் விடாது. பாதி எழுவாள், நாங்கள் கத்துவோம், பொத்தென்று உட்காருவாள்.

அந்த வெள்ளிக்கிழமை புதுப் படம் வந்தது. காலை ஆட்டம் என்று முடிவு செய்திருந்தோம். இந்த முறை மஞ்சள் துணி, நல்ல சாமந்தி மஞ்சள். சென்றாயன் அண்ணன் சட்டைக்குப் பட்டன் மட்டும் பாக்கி, மற்றவர்களுக்கு முந்தின நாளே கொடுத்தாகிவிட்டது.

தோட்டத்துக் கிணறு குள்ளம்மாள் அக்காவுக்கும் அவள் கொழுந்தன் குப்புராஜுக்கும் பொது. மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் அந்த வாரம் காலையில் வந்துகொண்டிருந்தது. விடிந்ததும் குப்புராஜ் மோட்டார் போட வேண்டும், வெயில் ஏறின பிறகு இவள். படத்துக்குப் போக வேண்டுமே என்று இவள்தான் முறையை மாற்றிக் கேட்டாள். "கெழவிக்கு சினிமாவாம்" என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். அதனால்தான் அன்று விடிகாலையில் மோட்டார் ரூமில் குப்புராஜுக்குப் பதில் குள்ளம்மாள் அக்கா இருந்தாள்.

கடையில் சென்றாயன் அண்ணன் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் பனியனோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மேரி அக்கா பூ கட்டிக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது.

"கலா." குள்ளம்மாள் அக்கா. குரல் காற்றாக வந்தது. "சத்தம் போடாத. ரூமுக்கு வெளிய ஆனை நிக்குது."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அப்போது போனில் இன்னொரு சத்தம் கேட்டது. தகரத்தின் மேல் எதையோ போட்டு மெதுவாகத் தேய்க்கிற சத்தம்.

"கதவச் சாத்துக்கா!"

"சாத்திட்டன். தாப்பா இல்ல கலா. கையால இழுத்துப் புடிச்சிகினு நிக்கறன்." குரல் இன்னும் தணிந்தது. "பேசினா அதுக்குக் கேக்குது. வெச்சிடறன்."

வேனில் ஏறியது எனக்கு நினைவில்லை. சென்றாயன் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார், கடைசிப் பட்டன் இல்லாமல். மேரி அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு வந்தாள். நான் வனத்துறைக்குப் போன் செய்தேன். ஆட்கள் ஏற்கெனவே போயிருக்கிறார்கள் என்றார்கள். அந்தத் தாழ்ப்பாளை நான் பார்த்திருக்கிறேன். போன மழைக்கே துருப்பிடித்து விழுந்துவிட்டது. ஆசாரியைக் கூப்பிடு என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அப்போது அவள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

தோட்டத்துக்கு முன்னால் ஒரு மாந்தோப்பு. ஊர் முழுக்க அங்கே நின்றிருந்தது. வனக்காவலர் வீரமணி எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"என்னாங்க இது? மூணு பேரும் மஞ்சளா, திருவிழாக்கு வந்த மாதிரி! அதும் கண்ணுல பட்டுத் தொலைக்கவா? மறைங்க மொதல்ல."

வேனில் கிடந்த சாக்கை எடுத்துப் போர்த்திக்கொண்டோம். மாமரத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். தக்காளிக் குச்சிகள் எல்லாம் படுத்துக் கிடந்தன. நிலத்தின் அந்தக் கோடியில் செங்கல் சுவர், மேலே தகரச் சீட்டுப் போட்ட மோட்டார் ரூம். அதற்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த குப்புராஜின் கரும்பு. ரூமுக்கு முன்னால் யானை. ஒரு பக்கத் தந்தம் குட்டை. அது ரூமைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கதவு ஒரு தகரம். அந்தத் தகரத்துக்குப் பின்னால் எங்கள் அக்கா நிற்கிறாள்.

"வெடி போடலாமில்ல?" என்று கேட்டேன்.

"அது அவ்ளோ பக்கத்துல நிக்கறப்ப போட்டா ரூமு மேலயே பாயும். கொஞ்சம் நவரட்டும்" என்றார் வீரமணி. "யாரும் சத்தம் போடாதீங்க. அது போதும்."

குப்புராஜ் வரப்பில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "என் முறைங்க இது" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். "நான் நிக்க வேண்டிய எடங்க அது. வூட்ல படுத்துத் தூங்கிகினு இருந்தன்." சொல்லிக்கொண்டே இருந்தவர் சட்டென்று போனை எடுத்துக் காதில் வைத்தார். அவர் என்ன செய்கிறார் என்று எங்களுக்குப் புரிவதற்குள் நிலத்தின் அந்தக் கோடியில் பறை மாதிரி ஒரு சத்தம் எழுந்தது.

அது எங்கள் படத்துப் பாட்டு. ஆறு பேரும் வரிசையில் நிற்கும்போது அடிக்கிற மேளம். தோட்டத்தில் வேலை செய்யும்போது போன் கேட்பதில்லை என்று அக்கா சொன்னதால், சென்றாயன் அண்ணன்தான் முழுச் சத்தத்தில் வைத்துக் கொடுத்திருந்தார்.

யானை திரும்பியது. காது இரண்டும் விரிந்தன. ஒரே எட்டில் ரூமுக்குப் போய்த் தலையால் சுவரை இடித்தது. கூரைச் சீட்டு ஒன்று எழும்பி விழுந்தது. மேளம் நின்றுபோனது.

சென்றாயன் அண்ணன் குப்புராஜின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். அதில், நீங்கள் அழைத்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காதான் அணைத்தாளா, இல்லை கீழே விழுந்து உடைந்ததா, தெரியவில்லை. அவள் நிற்கிறாளா விழுந்துவிட்டாளா என்பதும் தெரியவில்லை. இனிமேல் அவளைக் கேட்க எந்த வழியும் இல்லை.

"அவளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது" என்றாள் மேரி அக்கா. மறுபடியும் அதையே சொன்னாள். அவள் ஜெபமாலை அறுந்து மணிகள் காலடியில் கிடந்ததை அவள் கவனிக்கவே இல்லை.

யானை ரூமைச் சுற்றி வந்தது. கதவுக்கு முன்னால் நின்றது. பிறகு என்ன நினைத்ததோ, ஓடைப் பக்கம் திரும்பித் தக்காளியை மிதித்துக்கொண்டு நடந்தது. ரூமுக்கும் அதற்கும் நல்ல தூரம் விழுந்ததும் வீரமணியின் ஆட்கள் வெடியைக் கொளுத்தினார்கள். யானை விரட்ட நிறுத்தி வைத்திருந்த டிராக்டர்கள் உறுமின. யானை வாலைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பக்கம் ஓடியது. தோப்பில் இருந்தவர்கள் கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள்.

வீரமணி அதன் பின்னால் ஓடுவதற்கு முன் எங்களிடம் வந்தார். "காலையில ஓடையில தடம் பாத்தங்க. ஒண்ணு பெருசு, இதோடது. பக்கத்துலயே இன்னொண்ணு இருந்த மாதிரியும் இருந்துச்சு. தண்ணியில கலைஞ்சி போச்சு, உறுதியாச் சொல்ல முடியல. இதக் காட்டுல ஏத்திட்டு நாங்க திரும்பி வர்ற வரைக்கும் ஒருத்தரும் நெலத்துல எறங்கக் கூடாது. அந்தம்மாவும் வெளிய வரக் கூடாது."

அவர் போனதும் கூட்டம் கலைய ஆரம்பித்தது. ஒருவன் செருப்பைத் தேடினான். ஒருவன் பைக்கை உதைத்தான். ஒரு அம்மா இட்லிக்கு மாவு புளித்திருக்கும் என்று நடையைக் கட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தியேட்டரில் எழுந்து ஓடுகிற அதே கூட்டம்.

குப்புராஜ் வரப்பின் மேல் ஏறி நின்றார். இரண்டு கையையும் வாயில் குவித்தார். "அண்ணி! போயிடுச்சுங்க அண்ணி! வெளிய வாங்க!"

"அவரு என்னா சொல்லிட்டுப் போனாரு? காதுல விழலியா?" என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"கண்ணு எதுர ஓடுச்சேம்மா! அண்ணி உள்ள என்னா ஆச்சோ தெரியல. மூச்சு இருக்குதா இல்லியான்னு பாக்க வேணாமா?" அவர் கண்ணில் தண்ணீர். மறுபடியும் கூப்பிட்டார். "அண்ணி! வந்துடுங்க!"

கதவு அசைந்தது.

அக்கா உயிரோடு இருக்கிறாள். அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கதவு ஒரு ஜாண் திறந்தது. பிறகு ஒரு முழம். புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, ஒரு காலை வெளியே வைத்து, பாதி குனிந்து எட்டிப் பார்த்தாள். அந்த நிலை எனக்கு எத்தனை தடவை பார்த்த நிலை! சீட்டிலிருந்து பாதி எழுந்து, எருமையை நினைத்துக்கொண்டு, வாசலைப் பார்க்கிற அதே நிலை.

கரும்பில் ஒரு அசைவும் இல்லை. நான் எதையாவது பார்த்தேன் என்று சொன்னால் பொய். வீரமணி சொன்ன இன்னொரு தடம் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சாக்கை உதறிவிட்டு வேனின் மேல் தாவி ஏறினேன். என் வாயிலிருந்து வந்தது நான் யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை.

"உக்காருக்கா! பேரு ஓடுது!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தூரத்தில் மஞ்சளாக நான். அவள் தயங்கினாள். இன்னொரு காலும் வெளியே வந்தது. அதற்குள் சென்றாயன் அண்ணனும் மேரி அக்காவும் வேனில் ஏறி என் இரண்டு பக்கமும் நின்றுவிட்டார்கள். மூன்று பேரும் சேர்ந்து, தியேட்டரில் கத்துகிற மாதிரியே கத்தினோம்.

"உக்காருக்கா! பேரு ஓடுது!"

உள்ளே போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

குப்புராஜ் என்னை அடிக்க வருகிற மாதிரி வந்தார். "பைத்தியமா உனக்கு? வந்துகினு இருந்தவள உள்ள தொரத்திட்டியே! பேரு ஓடுதாம் பேரு! இது என்னா சினிமாவா?"

நிலம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு காக்கா வந்து மிதிபட்ட தக்காளியைக் கொத்தியது. தூரத்தில் வெடிச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. இரண்டாவது யானை இல்லவே இல்லையோ, நான்தான் ஒரு பயந்த மனுஷியை அந்தச் சுடுகிற சீட்டுக்கு அடியில் மறுபடியும் தள்ளிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. குப்புராஜ் நிலத்தில் இறங்கினார். சென்றாயன் அண்ணன் பின்னாலிருந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் திமிறினார். "வுடுய்யா, நான் போயிக் கூட்டியாறன், வுடு!"

அப்போது காக்கா பறந்தது.

கரும்பு விலகியது. ரூமுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் யானை, சத்தமே இல்லாமல், ஓர் அம்மா அடுக்களையிலிருந்து வருகிற மாதிரி நடந்து வந்தது. அக்கா கால் வைத்த அதே இடத்தில் வந்து நின்றது. ரூம் வாசலில் இருந்த தொட்டியில் தும்பிக்கையை விட்டுத் தண்ணீர் குடித்தது. பிறகு தும்பிக்கையைக் கதவின் மேல் வைத்தது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, தகரத்தை மோந்து பார்த்துக்கொண்டே இருந்தது.

மேரி அக்கா என் கையைப் பிடித்த பிடியில் விரல் மரத்துவிட்டது. குப்புராஜ் திமிறுவதை நிறுத்திவிட்டார். சென்றாயன் அண்ணன் கையை எடுத்ததும் அப்படியே வரப்பில் சரிந்து உட்கார்ந்தார்.

கதவு அசையவில்லை. அந்தப் பக்கம் அவள் எந்த விரலால் பிடித்துக்கொண்டிருக்கிறாள், மூச்சை எப்படி அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அன்றைக்குச் சென்றாயப் பெருமாள், மேரி அக்காவின் மாதா, படத்தில் வருகிற காற்று சக்திக்காரி, எல்லோரையும் கூப்பிட்டேன்.

தும்பிக்கை கதவை விட்டது. யானை திரும்பிக் கரும்புக்குள் போகவில்லை; ஓடைப் பக்கம், முதலாவது போன வழியிலேயே நடந்தது. வெடிக்காரர்கள் அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து ஒதுங்கி, சுற்றி வந்து, பின்னாலிருந்து டிராக்டர் விட்டு அதையும் காட்டுக்குள் ஏற்றினார்கள். வீரமணி கரும்பை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைவரை ஆட்களோடு பார்த்துவிட்டு வந்தார். சட்டை முழுக்க வேர்வை.

"இப்ப போலாங்க" என்றார்.

எல்லோரும் குப்புராஜைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். "நான் கூப்பிட மாட்டனுங்க. இனிமே நான் கூப்பிட மாட்டன்."

நாங்கள் மூன்று பேரும் நிலத்தில் இறங்கினோம். நசுங்கிய தக்காளியில் கால் வழுக்கியது. கதவுக்கு முன்னால் யானையின் காலடி, அதில் தண்ணீர் கசிந்திருந்தது. மேரி அக்கா கதவை மெதுவாகத் தட்டினாள்.

"யாரு?"

"நாங்கதான்டி."

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிடுச்சுக்கா" என்றேன்.

"பேரெல்லாம் ஓடிடுச்சா?"

"ஓடிடுச்சு."

"அந்தத் துண்டு?"

சென்றாயன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வந்துட்டுப் போயிடுச்சுக்கா. நல்லாப் பெருசு."

"தகர ஓட்டையில தும்பிக்கை மட்டுந்தான் பாத்தன்" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "முழுசாப் பாக்கலியே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. கதவு திறந்தது. தகர விளிம்பைப் பிடித்துப் பிடித்து அவள் உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. முழுக்கைச் சட்டையின் பட்டன்கள் அறுந்து தொங்கின. அதற்கு உள்ளே நான் தைத்த மஞ்சள் ரவிக்கை. தோட்ட வேலை முடிந்ததும் அப்படியே வந்துவிடலாம் என்று விடியலிலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

"தாப்பா போடு, தாப்பா போடுன்னு எத்தினி தடவ சொன்னன்!" என்று கத்தினேன். கத்திவிட்டுக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"காலை ஆட்டம் போயிடுச்சா கலா?" என்றாள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டே.

ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்டார்கள். வீட்டில் படுத்து ஓய்வெடு என்று மூன்று பேரும் சொன்னோம். அவளா கேட்பாள்? "எட்டு மாசமா காத்துகினு இருந்தன். படுத்தா கண்ண மூடுனதும் அந்த ஆனைதான் வரும். படத்துக்குப் போலாம்" என்றாள். வேனை மதிய ஆட்டத்துக்குத் திருப்பும்போது வழியில் குப்புராஜ் நின்றிருந்தார். குளித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். அக்காவின் கையைப் பார்த்தார். பார்க்க முடியாமல் டயரைப் பார்த்தார்.

"எனக்கும் எடம் இருக்குங்களா?"

என் நாக்கு நுனியில் நல்லதாக நாலு வார்த்தை தயாராக இருந்தது. அதற்குள் அக்கா நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏறு குப்பு" என்றாள். வேறு வழியில்லாமல் நானும் நகர்ந்தேன்.

படம் நன்றாக இருந்தது. அக்கா கட்டுப் போட்ட கையால் தட்ட முடியாமல் காலால் தட்டினாள். மேரி அக்கா அவளுக்கு முறுக்கை உடைத்து வாயில் போட்டாள். கடைசிச் சண்டையில் ஐந்து பேரும் செய்வதறியாமல் நிற்க, விட்டுப் போன ஆறாவது ஆள் திரும்பி வந்தபோது, அந்தப் பக்க சீட்டில் குப்புராஜ் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

திரை கறுத்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. எல்லோரும் வழக்கம்போலச் செருப்பைத் தேடினார்கள். குப்புராஜும் எழுந்தார். குள்ளம்மாள் அக்கா கட்டுப் போட்ட கையாலேயே அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"உக்காரு குப்பு. பேரு ஓடுது."

அவர் பொத்தென்று உட்கார்ந்தார். ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தோம். யார் யாரோ வெள்ளைக்காரப் பெயர்கள் மேலே போய்க்கொண்டே இருந்தன. பெருக்குகிற பையன் வாசலில் துடைப்பத்தோடு வந்து நின்றான். கடைசிப் பெயரும் போனது. நாங்கள் காத்திருந்தோம். அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை. வெறும் திரை. விளக்கு போட்டுவிட்டார்கள்.

"இதுக்கா அண்ணி உக்காரச் சொன்னீங்க?" என்றார் குப்புராஜ். "ஒண்ணுமே வரலியே?"

"வரல இல்ல?" குள்ளம்மாள் அக்கா கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வரலன்னு பாத்துட்டுத்தான் எழுந்திரிக்கணும். வாங்க, எல்லாரும் ஒண்ணா எழுந்திரிக்கலாம்."